மார்கழி மழையும் தைப் பூப்பனியும்: வாசகர் கேள்விகள்

டிசம்பர் பிறந்ததிலிருந்து வருபவை பெரும்பாலும் வானிலைக் கேள்விகள்தான். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதுகிறேன்.

நுவரெலியாவில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும் படத்தை மகன் அனுப்பினான். பனிமழையா பெய்தது? (மஸ்கெலியா)

இல்லை, வானத்திலிருந்து எதுவும் விழவில்லை. நாம் பூப்பனி என்போமே, அறிக்கைகளில் துகள் உறைபனி என்று வருவது, அதுதான். மேகமும் காற்றும் இல்லாத இரவில், பகல் வெயிலில் வாங்கிய சூட்டை நிலம் வேகமாக விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். புல்நுனி 0 பாகைக்குக் கீழே போனதும் காற்றின் ஈரம் அதிலேயே படிகமாக ஒட்டிக்கொள்ளும். ஆளுயரத்தில் மாட்டிய வெப்பமானி அந்நேரம் 3 பாகை காட்டலாம். அதை வைத்துக்கொண்டு மகனோடு மல்லுக்கு நிற்காதீர்கள். நிஜப் பனிமழைக்கு நம் மலைகளின் உயரம் போதாது. பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். நம் பக்கத்து வானத்தில் 0 பாகை வருவது ஏறத்தாழ 5,000 மீற்றரில். ஏப்ரலில் தகரத்தில் படபடவென்று விழும் ஆலங்கட்டி இடிமேகத்தின் வேலை.

பூப்பனியிலிருந்து உருளைக்கிழங்குப் பாத்தியைக் காப்பாற்ற முடியுமா? (கந்தப்பளை)

வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்து இலையைக் கழுவிவிடுங்கள். பள்ளத்துப் பாத்திகளை முதலில் பாருங்கள்.

பதுளையில் நாலு நாளாக விடாத மழை. அட்டனிலிருக்கும் அக்கா துணி காய்ந்துவிட்டது என்கிறாள்!

அக்கா பொய் சொல்லவில்லை. வாடைக்காற்று வங்கக் கடல் ஈரத்தோடு வடகிழக்கிலிருந்து வந்து, பதுளை இருக்கும் ஊவாச் சரிவில் ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து அங்கேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி மேற்கே, அட்டன் பக்கம், இறங்குவது காய்ந்த காற்று. ஈரக்காற்று 1,000 மீற்றர் ஏறினால் சுமார் 6 பாகை குளிரும். காய்ந்து இறங்கும்போதோ சுமார் 10 பாகை சூடேறும். அட்டனில் பகல் சுடுவதற்கு அதுவும் ஒரு காரணம். சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்குவதும் இந்த உலர்காலத்தை ஒட்டித்தான். மே கடைசியில் காற்று திசை மாறும். அட்டன் பக்கத்து வட்டவளை நனையும், பதுளை காயும்.

மார்கழியிலும் சில இரவுகளில் கம்பளி வேண்டியிருக்கவில்லையே? (தலவாக்கலை)

அன்றிரவு வானம் மூடியிருந்திருக்கும். நிலம் விடும் சூட்டை மேகம் வாங்கித் திருப்பித் தரும். நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தால் கம்பளியை எடுத்து வையுங்கள்.

பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வந்தால் மழை குறையுமாமே?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் நாட்டில் அது பெரும்பாலும் மழையைக் கூட்டவே செய்யும். குறைப்பது ஜனவரிக்குப் பிறகுதான்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே மண்மேடு. எவ்வளவு மழை பெய்தால் கிளம்ப வேண்டும்? (ஹப்புத்தளை)

இத்தனையிலும் முக்கியமான கேள்வி இது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி, 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் மஞ்சள் எச்சரிக்கை, 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். பக்கம் நேராக உள்ள வெற்றுப் பால்மா டின்னை, மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைத்து அடிமட்டத்தால் அளந்தாலே ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் டின்னை மட்டும் நம்பாதீர்கள். பீலியில் தெளிவாக விழும் தண்ணீர் திடீரென்று செம்மண்ணாக வந்தாலோ, நின்றுபோனாலோ, கதவு நிலையில் இறுகினாலோ, முற்றத்தில் வெடிப்பு விட்டாலோ, மழை கணக்கை எட்டவில்லை என்றாலும் புறப்படுங்கள். கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 அன்று மலை சரிந்தது காலை வேளையில். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

'போகச் சொல்கிறார்கள், எங்கே போவது?' என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கோபம். காணியும் வீடும் கொடுக்க வேண்டியவர்கள்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இன்றிரவு மழை வலுத்தால் போக ஓர் இடத்தை, பாடசாலையோ கோயில் மண்டபமோ, பகலிலேயே லயத்தார் கூடிப் பேசி வையுங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டைகளையும் ஒரு பொலித்தீன் பையில் கட்டிக் கதவருகே தொங்கவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.