கடை, கணினி, ஆன்லைன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஈரோடு, கரூர் பக்கம் கடைகளுக்கும் சிறு கம்பெனிகளுக்கும் பில்லிங், நெட்வொர்க், ஆன்லைன் விற்பனை அமைத்துக் கொடுப்பது என் தொழில். வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்திருக்கிறேன். வரி விஷயத்தை மட்டும் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன.

சென்னிமலை, பெட்ஷீட் வியாபாரம்: அண்ணா, அமேசான், ஃபிளிப்கார்ட்டில் போடலாமா, சொந்தமாக வெப்சைட் திறக்கலாமா?

முதலில் பெரிய தளத்தில் போடுங்கள். வெப்சைட் திறக்க அதிகம் செலவில்லை, அதற்கு ஆள் வரவைக்கத்தான் செலவு.

ஆனால் விலை வைப்பதற்கு முன் பேப்பரில் கணக்குப் போடுங்கள். எல்லாரும் கமிஷன் எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்க்கிறார்கள். அடி விழுவது கூரியரிலும் ரிட்டர்னிலும்தான். கூரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார். அப்படி வருவதும் நிஜ எடையும், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. உங்கள் டபுள் பெட்ஷீட் 1.2 கிலோ என்று வையுங்கள். 40, 30, 10 அளவு அட்டைப்பெட்டியில் போட்டால் 2.4 கிலோவுக்குக் கட்டணம். அதையே இறுக்கி மடித்து 35, 28, 5 அளவு கவரில் போட்டால் கணக்கு ஒரு கிலோவுக்குள் வந்துவிடும், நிஜ எடைக்கு மட்டும் கொடுத்தால் போதும். லாபம் மடிப்பிலேயே இருக்கிறது.

ரிட்டர்னுக்கு வருவோம். கேஷ் ஆன் டெலிவரியில் வீடு பூட்டியிருந்தது, வேண்டாம் என்றுவிட்டார் என்று சரக்கு திரும்பி வரும். வாடிக்கையாளர் திருப்புவதில் பெரும்பகுதி நிறத்தாலும் அளவாலும்தான். படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். 'கிங் சைஸ்' என்று மட்டும் போடாமல் இன்ச் கணக்கை எழுதுங்கள்.

இன்னொன்று, கடைக்கும் ஆன்லைனுக்கும் ஒரே ஸ்டாக் என்றால் கணக்கு அன்றன்றைக்குச் சரியாக இருக்க வேண்டும். கடைசிப் பீஸைக் கல்லாவில் விற்றுவிட்டு, அதே பீஸுக்கு வந்த ஆன்லைன் ஆர்டரைக் கேன்சல் செய்தால் தளத்தில் உங்கள் மதிப்பெண் இறங்கும். தினமும் கணக்கு ஏற்ற முடியாதென்றால் ஆன்லைனுக்கென்று ஒரு ரேக்கைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். மொத்த வியாபாரிகள் திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்த பிறகு வெப்சைட் பற்றிப் பேசலாம்.

கோவில்பட்டி, வீட்டில் கடலைமிட்டாய் தயாரிப்பு: சார், வருஷத்துக்குப் பத்து லட்சம் கூட வராது. ஆன்லைனில் விற்க ஜிஎஸ்டி கட்டாயமா?

அம்மா, தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்கிறீர்கள் என்றால் கட்டாயமில்லை. 2023 அக்டோபர் 1 முதல், வருட விற்பனை 40 லட்சத்துக்குள் இருப்பவர்கள் ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைக் கொடுத்து ஒரு சேர்க்கை எண் (முழுப் பதிவு இல்லாமல் விற்க உதவும் எண்) வாங்கிக்கொண்டு, மாநிலத்துக்குள் ஆன்லைன் தளங்கள் வழியே பொருள் விற்கலாம். நீங்கள் போகிற தளம் அந்த எண்ணை ஏற்கிறதா என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பெங்களூருக்கு ஒரு பாக்கெட் அனுப்பினாலும் பதிவு வேண்டும். பதிவு செய்த பிறகு, தளம் உங்கள் விற்பனையில் 0.5 சதவீதத்தை டிசிஎஸ் (தளமே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) என்று பிடிக்கும். அது உங்கள் காசுதான். ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றுக்கொண்டால் உங்கள் ரொக்கப் பேரேட்டுக்கு (அங்கே உங்கள் பெயரில் உள்ள பணக் கணக்கு) வரும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

உணவுப்பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவுக்கு விலக்கு கிடையாது. அந்த 14 இலக்க எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும். அப்புறம், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரில் விற்பதென்றால் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்ளுங்கள். வெளியூரில் அந்தப் பெயருக்குத்தான் விலை.

கரூர், மொத்தக் கடை: மூன்று கம்ப்யூட்டரில் டேலி கணக்கு மென்பொருள், எல்லாம் வைஃபையில். சாயங்காலம் பில் போடும்போது நின்று நின்று போகிறது, ஒருமுறை டேட்டாவே கெட்டுவிட்டது. வீட்டிலிருந்தும் பார்க்க வேண்டும்.

டேலியைக் குறை சொல்லாதீர்கள். பொதுவான டேட்டா ஃபோல்டரில் எழுதிக்கொண்டிருக்கும்போது வைஃபை ஒரு நொடி விட்டாலும் ஃபைல் கெடலாம். கேபிள் இழுங்கள். கேட்-6 நெட்வொர்க் கேபிள் நூறு மீட்டர் வரை தாங்கும், கேபிள்களை இணைக்கும் பெட்டியாக ஒரு கிகாபிட் ஸ்விட்ச் போதும். டேட்டா இருக்கும் கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்), நிலையான ஐபி முகவரி (நெட்வொர்க்கில் மாறாத எண்), யுபிஎஸ். அந்த யுபிஎஸ்ஸிலேயே ஸ்விட்ச்சையும் மாட்டுங்கள். கம்ப்யூட்டருக்கெல்லாம் யுபிஎஸ் வைத்துவிட்டு ஸ்விட்ச்சை நேரே கரண்டில் சொருகியிருக்கும் கடைகள்தான் அதிகம். கரண்ட் போனால் கம்ப்யூட்டர் ஓடும், நெட்வொர்க் செத்திருக்கும். டேலி லைசென்ஸ் பல பேர் பயன்படுத்தும் கோல்டா என்றும் பாருங்கள், சில்வர் ஒருவருக்குத்தான்.

வீட்டிலிருந்து பார்ப்பதில்தான் ஆபத்து. ரௌட்டரில் 3389 போர்ட்டை (தூரத்திலிருந்து விண்டோஸ் கம்ப்யூட்டரை இயக்கும் வாசல்) திறந்துவிட்டு "இனி எங்கிருந்தும் வரலாம்" என்று சொல்லிப் போகிறவர்கள் உண்டு. அப்படித் திறந்த கம்ப்யூட்டர்களைத் தேடுவதற்கென்றே உலகம் முழுக்க நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. பாஸ்வேர்டு லேசானது என்றால் உள்ளே வந்து எல்லா ஃபைலையும் பூட்டிப் பணம் கேட்பார்கள். விபிஎன் (வெளியாள் பார்க்க முடியாத தனி இணைய வழி) வழியாக மட்டும் வாருங்கள். பேக்கப் எடுத்த பென்டிரைவை மாட்டியே வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும், கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பதென்றால் கெஸ்ட் நெட்வொர்க்கில் கொடுங்கள், பில்லிங் நெட்வொர்க்கில் வேண்டாம்.

திருப்பூர், பனியன் ஏற்றுமதி: எங்கள் பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) எங்கள் பெயரிலேயே மெயில் போயிருக்கிறது, பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது என்று. அவர் பணமும் கட்டிவிட்டார். எப்படி நடக்கிறது?

இரண்டு வழி. ஒன்று, உங்கள் மெயில் பாஸ்வேர்டோ பையருடையதோ திருடு போயிருக்கும். வந்தவன் ஒன்றும் செய்யாமல் வாரக்கணக்கில் படித்துக்கொண்டே இருப்பான், இன்வாய்ஸ் போகும் நாளில் நுழைவான். இரண்டு, உங்கள் முகவரி மாதிரியே ஒன்று. ஆங்கில எம் இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டிப் போட்டால் செல்ஃபோன் திரையில் எம் என்றே தெரியும். வந்த மெயிலை எழுத்தெழுத்தாகப் பாருங்கள், எந்த வழி என்று தெரிந்துவிடும்.

இப்போது செய்ய வேண்டியது: உங்கள் பேங்கிலும் பையர் அவருடைய பேங்கிலும் உடனே சொல்லுங்கள், சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், சைபர் கிரைம் தளத்தில் புகார் பதியுங்கள். மணிக்கணக்கில்தான் வாய்ப்பு, நாள் கடந்தால் கஷ்டம். இனிமேலுக்கு மெயிலில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு வையுங்கள். டொமைனுக்கு (மெயிலிலும் வெப்சைட்டிலும் வரும் உங்கள் இணையப் பெயர்) எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மெயில் நிஜமாக உங்களிடமிருந்து வந்ததா என்று சரிபார்க்கும் மூன்றையும் போடச் சொல்லுங்கள். உங்கள் முகவரியையே போட்டு வரும் போலி மெயில் அதில் மாட்டும், எழுத்து மாற்றிய முகவரி மாட்டாது. அதனால் அக்கவுண்ட் மாற்றம் என்று மெயில் வந்தால் பழைய நம்பருக்கு ஃபோன் செய்து கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம் என்று எல்லாப் பையர்களுக்கும் இன்றைக்கே எழுதுங்கள்.

பழனி, பஞ்சாமிர்தக் கடை: யுபிஐயில் கட்டிவிட்டேன் என்று ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறார்கள். நம்பலாமா?

கூடாது. உங்கள் ஆப்பில் வரவு தெரிந்தால்தான் சரக்கு. கூட்ட நேரத்துக்குச் சவுண்ட்பாக்ஸ் வையுங்கள். பணம் வாங்க யாரும் பின் எண் போட வேண்டியதில்லை என்று கல்லாப் பையனுக்கும் சொல்லிவையுங்கள்.

ஓசூர், நாற்பது பேர் வேலை செய்யும் பட்டறை: இன்ட்ராநெட் என்று ஒருவர் பெரிய தொகை சொல்கிறார். தேவையா?

கம்பெனி ஆட்கள் மட்டும் பார்க்கும் உள் தளம், அவ்வளவுதான். வரைபடம், லீவு விண்ணப்பம், வேலை நிலவரம் எல்லாம் ஒரே இடத்தில். நாற்பது பேருக்கு ஒரு என்ஏஎஸ் பெட்டியும் (எல்லாரும் நெட்வொர்க் வழியே ஃபைல் வைத்தெடுக்கும் சேமிப்புப் பெட்டி), யார் எந்த ஃபோல்டரைத் திறக்கலாம் என்ற கட்டுப்பாடும் போதும். பட்டறைக்கு முக்கியம், பழைய வரைபடத்தைப் பார்த்து யாரும் பீஸ் வெட்டக்கூடாது என்பது. புதிய வரைபடம் வந்ததும் பழையதைத் தனி ஃபோல்டருக்கு நகர்த்த ஓர் ஆளைப் பொறுப்பாக்குங்கள்.

நாமக்கல்: எங்கள் வெப்சைட் செய்தவர் ஃபோன் எடுப்பதில்லை. டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்றே தெரியவில்லை.

ஹூஇஸ் (டொமைன் பதிவு விவரம் காட்டும்) தேடலில் போட்டால் எந்தப் பதிவு நிறுவனம், எந்தத் தேதியில் காலாவதி என்று தெரியும், உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைந்திருக்கும். நீங்கள் பணம் கட்டிய பில்லைத் தேடி எடுத்துக்கொண்டு அந்தப் பதிவு நிறுவனத்துக்கு எழுதுங்கள். காலாவதித் தேதி பக்கத்தில் என்றால் முதலில் புதுப்பிக்க வழி கேளுங்கள், பெயர் மாற்றம் பிறகு. அவரிடமும் சண்டைக்குப் போகாமல் ஒரு மெயில் போட்டு வையுங்கள், அவருடைய கணக்கிலிருந்து மாற்றித் தர அவர் ஒத்துழைத்தால் வேலை சீக்கிரம் முடியும்.