பூம்பாறைப் பூண்டு வயலுக்கு ஸ்மாப் ஏன் ஒத்துவரவில்லை

பூண்டுத் தாள் நுனி கருகுகிறது, மண் ஈரத்தை அளக்கும் நாசா செயற்கைக்கோளான ஸ்மாப்பின் வரைபடமோ ஈரம் என்றே காட்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள். வயலைத்தான் நம்புங்கள். ஸ்மாப்பின் மேம்பட்ட தரவிலேயே ஒரு கட்டம் 9 கி.மீ. உங்கள் படிவயல், சோலை, யூகலிப்டஸ் தோப்பு எல்லாம் ஒரே எண்ணில் கரைந்துவிடும். அதுவும் மேல்மண் 5 செ.மீ. மட்டும். ஐரோப்பிய செயற்கைக்கோளான சென்டினல்-1 ரேடாரும் மலையில் ஏமாற்றும்: ரேடாரைப் பார்த்திருக்கும் சரிவு சும்மாவே பளிச்சென்று தெரியும்.

ஒளிப்படம் எடுக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோளின் தரவை எடுங்கள். அதன் அகச்சிவப்பு அலைவரிசைப் பட்டைகளான 8ஏ-யிலிருந்து 11-ஐக் கழித்து, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுங்கள். 20 மீட்டர் கட்டம். வரப்பைத் தொடும் கட்டங்களை விட்டுவிடுங்கள். கிடைப்பது பயிரிலுள்ள நீரின் அளவு, மண் ஈரம் அல்ல. ஒவ்வொரு கட்டமும் என்ன வகை என்று சொல்லும் எஸ்சிஎல் பட்டையில் 3, 8, 9, 10 வந்தால் மேகமோ நிழலோ, நீக்குங்கள்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று: 2022 ஜனவரி 25 முதல் செயலாக்கிய படங்களில் ஒவ்வொரு மதிப்பிலும் 1000 கூடுதல். 8ஏ, 11 பட்டைகளின் சரியான மதிப்பு 3000, 1500 என்றால் விடை 0.33, அந்த 1000-ஐக் கழிக்காமல் விட்டால் 4000, 2500 ஆகி 0.23. நல்ல வயலும் காய்ந்ததாகத் தெரியும். கூகுளின் செயற்கைக்கோள் தரவுத் தளமான எர்த் எஞ்சினில் 'ஹார்மனைஸ்டு' தொகுப்பில் இது சரிசெய்யப்பட்டிருக்கும்.

மண் ஈரம் தெரிய, செயற்கைக்கோள் படம் எடுத்த நாளிலேயே 15 செ.மீ. ஆழத்தில் 100 கிராம் மண் எடுத்து, 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி எடை போடுங்கள். 80 கிராம் நின்றால், போன 20 கிராமை உலர்ந்த 80 கிராமால் வகுக்க, ஈரம் 25 சதவீதம்.