செனாப் ரயில் பாலத்தை ஆற்றில் தூணே இல்லாமல் எப்படிக் கட்டினார்கள்?

சிங்கப்பூரில் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) மேம்பாலத் தளங்களில் வேலை பார்ப்பவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது.

முதலில் உயரம். ஜம்மு காஷ்மீரில் செனாப் ஆற்றுக்கு மேலே 359 மீட்டர். நம் புக்கிட் தீமா குன்று சுமார் 164 மீட்டர்தான். அப்படி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் தண்டவாளத்தைத் தொடாது. அவ்வளவு ஆழத்திலிருந்து சாரம் கட்டி ஏற முடியுமா? அதனால்தான் கரைக்குக் கரை 467 மீட்டர் தாண்டும் எஃகு வளைவு.

இரு கரைகளிலிருந்தும் வளைவைத் துண்டு துண்டாக நீட்டிக்கொண்டே வந்தார்கள். பள்ளத்தாக்கின் குறுக்கே கட்டிய கம்பிவடத்தில் ஓடும் கிரேன் ஒவ்வொரு துண்டையும் கொண்டுவரும். அந்தரத்தில் நிற்கும் பாதி வளைவு சரிந்துவிடாமல், பின்னாலிருந்து வடங்கள் இழுத்துப் பிடித்திருக்கும். 2021 ஏப்ரலில் இரண்டு பாதிகளும் நடுவில் சேர்ந்தன.

அந்தச் சேர்க்கைதான் என்னை மலைக்க வைக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால், அவ்வளவு நீள எஃகு 5 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். போல்ட் துளைகளோ மில்லிமீட்டர் கணக்கில் பொருந்த வேண்டும். எங்கள் தளத்தில் முப்பது, நாற்பது மீட்டர் இடைவெளிக்கே காலையில் ஒரு அளவு, மதியம் ஒரு அளவு பார்ப்போம்!

ஆனால் என் கணிப்பில், எஃகைவிடக் கடினமான வேலை மலைதான். வளைவின் பாரம் முழுவதும் இரு கரைகளில் இறங்குகிறது. அங்கேயோ விரிசல் விட்ட பாறை. சரிவுக்குள் துளையிட்டு நீளக் கம்பிகளைச் செருகி, பாறையை இறுக்கிக் கட்டினார்கள். மணிக்கு 266 கிலோமீட்டர் காற்றையும் நிலநடுக்கத்தையும் கணக்கில் வைத்த பாலம், 2025 ஜூன் 6 அன்று திறக்கப்பட்டது.