முத்திரை குத்துவதற்காகவே பைக்கில் பூங்கா பூங்காவாக அலைவது வீண் வேலை இல்லையா?

"அமெரிக்காவில் இருக்கும் நண்பர், ஒரே வருடத்தில் ஐம்பது பூங்கா முத்திரை சேர்க்கப்போகிறேன் என்று பைக்கில் கிளம்பிவிட்டார். ஒரு இடத்தையும் நின்று பார்ப்பதில்லை. இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நண்பர் நானில்லை. ஆனால் இதே கேள்விக்கு என் வீட்டிலும் அலுவலகத்திலும் மூன்று வருடமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: அமெரிக்க தேசியப் பூங்காக்களில் 1986-இல் தொடங்கிய ஏற்பாடு இது. நீல அட்டை போட்ட சின்னப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். முத்திரை இலவசம். ஒவ்வொரு பூங்காவின் வரவேற்பு மையத்திலும் மேசை மேல் வைத்திருப்பார்கள், பூங்காவின் பெயரும் அன்றைய தேதியும் வட்டமாக விழும். 'நேஷனல் பார்க்' என்று பெயருள்ளவை 63தான். ஆனால் பழைய கோட்டை, போர்க்களம், தலைவர்கள் பிறந்த வீடு எல்லாம் சேர்த்து நானூறுக்கும் மேல் இருக்கின்றன. உங்கள் நண்பர் சொல்வது, நெடுந்தூரம் பைக் ஓட்டுபவர்களின் சங்கமான அயர்ன் பட் அசோசியேஷன் வைத்திருக்கும் சவாலாகத்தான் இருக்கும். ஒரு வருடத்துக்குள் குறைந்தது 25 மாநிலங்களில் 50 இடங்கள். முத்திரைதான் அத்தாட்சி.

நான் டாலஸில் இருக்கிறேன். கவாசாகி வெர்சிஸ் 650 வைத்திருக்கிறேன். அர்கன்சாவுக்குப் போன அன்று என் திட்டம் நான்கு முத்திரை. அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பி, ஹோப் ஊரில் கிளிண்டன் பிறந்த வீட்டில் முதல் முத்திரை. ஹாட் ஸ்பிரிங்ஸில் இரண்டாவது. அங்கே ஊற்றின் வெந்நீரைத் தெருக்குழாயிலேயே பிடித்துக் குடிக்கலாம், குடித்தேன், கிளம்பினேன். மூன்றாவது லிட்டில் ராக் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி. அதற்கு ஒதுக்கியது பதினைந்து நிமிடம். ஏனென்றால் நான்காவதான ஃபோர்ட் ஸ்மித் அங்கிருந்து 160 மைல், மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. வரவேற்பு மையம் சாலைக்கு எதிர்ப்பக்கம். உள்ளே போனதும் முத்திரையைக் குத்திவிட்டேன், பொய் சொல்லவில்லை. திரும்பும்போது சுவரில் ஒரு படம். வெள்ளைச் சட்டையில், கையில் நோட்டை அணைத்துக்கொண்டு ஒரு பெண் நடக்கிறாள். பின்னால் ஒரு கூட்டம் கத்திக்கொண்டு வருகிறது. எலிசபெத் எக்ஃபோர்ட், வயது 15, தேதி 1957 செப்டம்பர் 4. அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த அந்தப் பள்ளிக்கு, முதல்முதலாகச் சேர்க்கப்பட்ட கறுப்பின மாணவர்கள் ஒன்பது பேரும் அன்று சேர்ந்து போவதாக ஏற்பாடு. இவள் வீட்டில் தொலைபேசி இல்லை, அதனால் தகவல் வரவில்லை. தனியாக வந்திருக்கிறாள். ஆளுநர் நிறுத்தியிருந்த காவல்படை அவளை உள்ளே விடவில்லை. அந்த மாதக் கடைசியில் அதிபர் ஐசனோவர் ராணுவத்தை அனுப்பிய பிறகுதான் ஒன்பது பேரும் நாள் முழுக்க வகுப்பில் உட்கார முடிந்தது.

எனக்கு 1957 என்ற எண்தான் உறைத்தது. அப்பாவுக்கு அப்போது பத்து வயது. பரமக்குடிப் பக்கம் கிராமம். முதுகுளத்தூர்ச் சாதிக் கலவரம் நடந்த வருடம் அது. பள்ளிக்கூடம் திறந்த பிறகும், எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும், எந்தத் தெருவில் கால் வைக்கக் கூடாது என்று தாத்தா காலையில் ஒருமுறை சொல்லித்தான் அனுப்புவாராம்.

அன்று எலிசபெத் பஸ்ஸுக்காகக் காத்திருந்த பெஞ்சைப் போலவே ஒன்றை, பள்ளி இருக்கும் அதே தெருவில் போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்து அப்பாவைக் கூப்பிட்டேன். ஊரில் அப்போது நடுராத்திரி தாண்டியிருக்கும், பதறிப்போய் எடுத்தார். "ஒண்ணுமில்லப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பார்த்ததைச் சொன்னேன். அப்பா இடையில் ஒன்றும் பேசவில்லை. முடிவில், "அந்தப் புள்ள வீடு போயிச் சேந்துச்சாடா?" என்று மட்டும் கேட்டார். பஸ் வந்தது, ஏறி அம்மா வேலை பார்த்த இடத்துக்குப் போய்விட்டாள் என்றேன். "ம்" என்றார்.

நான் அங்கிருந்து கிளம்பும்போது மணி மூன்று. ஃபோர்ட் ஸ்மித் போய்ச் சேரவில்லை. அதற்காக மூன்று வாரம் கழித்து மறுபடி தனியாக ஒரு பயணம். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

இப்போது சொல்லுங்கள், முத்திரைப் பட்டியலில் பெயர் இல்லாமல் இருந்திருந்தால் நான் லிட்டில் ராக்கில் ஒரு பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தியிருப்பேனா? நெடுஞ்சாலையிலேயே தாண்டிப் போயிருப்பேன். கிராண்ட் கேன்யனுக்கு எல்லாரும் போகிறார்கள், அதற்கு முத்திரை தேவையில்லை.

உடனே சிலர் வருவார்கள், "ஒரு நாளில் நானூறு மைல் ஓட்டுவது ஆபத்து, குடும்பஸ்தன் செய்கிற வேலையா" என்று. ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை இல்லாமல் ஒரு மைல்கூட ஓட்டியதில்லை. இருட்டினால் எந்த ஊரோ அந்த ஊரில் தங்கிவிடுவேன். என் மனைவிக்கு இதில் ஆட்சேபம் இல்லை, அவளைக் கேட்காமல் நான் கிளம்புவதும் இல்லை. ஆட்சேபமெல்லாம் எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குத்தான். என் வீட்டு வாசலில், என் இடத்தில், உறை போட்டு நிறுத்திய பைக்குக்கு மூன்று முறை எச்சரிக்கைக் கடிதம். இரண்டு வீடு தள்ளி ஒருவர் படகையே நிறுத்தியிருக்கிறார், அவருக்கு ஒன்றும் போகவில்லை. நேரில் போய்க் கேட்டேன், பதில் இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் இதை எங்காவது சொல்லியாக வேண்டும்.

உங்கள் நண்பரிடம் இவற்றைச் சொல்லுங்கள். புத்தகத்தை ஜிப்லாக் பையில் வைக்கட்டும், மழையில் மை ஊறினால் மீட்க முடியாது. முதலில் ஒரு வெள்ளைத் தாளில் குத்திப் பார்க்கட்டும், முந்தின நாள் தேதியை மாற்றாமல் விட்டிருப்பார்கள். சின்ன இடங்கள் வாரத்தில் சில நாள் திறப்பதே இல்லை, அதைப் பார்த்துக்கொண்டு கிளம்பட்டும்.

லிட்டில் ராக் போன அன்று ராத்திரி விடுதியில் அந்த முத்திரைப் பக்கத்தைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். காலையில் பதில் வந்திருந்தது: "தேதி தெரியுது. ஊர் பேரு அழிஞ்சிருக்கு, இன்னொரு தடவ போனா நல்லா அழுத்திக் குத்து."