எக்ஸ்கதிர்ப் பின்னணியின் குறியீடு 1.4 வராமல் 0.9 வருவது ஏன்?

கேள்வி: சூலூர்ப்பேட்டையில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்கிறேன். வானம் முழுதும் பரவிக் கிடக்கும் எக்ஸ்கதிர்ப் பின்னணியை அளக்க, ஐரோப்பிய விண்வெளித் தொலைநோக்கியான எக்ஸ்எம்எம்-நியூட்டனின் மாஸ் கேமரா தரவில் புள்ளி மூலங்களை மறைத்துவிட்டு மீதியைப் பொருத்தினால், பவர் லா குறியீடு (ஆற்றல் கூடக் கூட ஃபோட்டான் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதன் அளவு) வழக்கமான 1.4 வராமல் 0.9தான் வருகிறது. தப்பு எங்கே? எங்கள் பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறிய அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் தரவில் செய்யலாமா?

பதில்: பெரும்பாலும் துகள் பின்னணி (காஸ்மிக் கதிர், புரோட்டான் போன்றவை கேமராவில் பதிப்பது) முழுசாகக் கழியவில்லை. வானத்து ஃபோட்டான் தொலைநோக்கிக் கண்ணாடி வழியாக வருவதால், 5 கேஇவிக்கு (ஃபோட்டான் ஆற்றலின் அலகு) மேல் கண்ணாடியின் திறன் குறையக் குறைய எண்ணிக்கையும் விழும். காஸ்மிக் கதிர் பக்கவாட்டிலிருந்தும் கேமராவின் உணரியான சிசிடியைத் துளைக்கும். அதன் ஸ்பெக்ட்ரம் தட்டையாகவே கிடக்கும். அதையும் ஏஆர்எஃப் (கண்ணாடியின் திறனைச் சொல்லும் கோப்பு) வழியாகப் பொருத்தினால் சரிவு படுத்துவிடும்.

100 விநாடிக் கூறுகளாக ஒளிவளைவு போட்டு, புரோட்டான் வெடிப்பு வந்த நேரங்களை வெட்டுங்கள். பிறகு ஃபில்டர் சக்கரத்தை மூடி, வானத்து ஒளி புகாமல் எடுத்த தரவை எடுத்து, சிசிடியில் வானம் தெரியாத மூலைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அளவு மாற்றிக் கழியுங்கள். நிறையப் பேர் இத்தோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் மென்புரோட்டான்களைக் கண்ணாடியே குவித்துவிடுகிறது. மூலையில் அவை தென்படா. 8–12 கேஇவியில், சம பரப்புக்கு, பார்வைப் புலத்தின் எண்ணிக்கையை மூலையின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 1.15க்குள் இருந்தால் சுத்தம். 1.3ஐத் தாண்டினால் அந்தத் தரவை ஒதுக்குங்கள். மாதிரி போட்டு ஒப்பேற்றுவதைவிட அது மேல்.

மாதிரியில் (நம் விண்மீன் மண்டல வாயுவின்) உறிஞ்சல் இல்லாத 0.1 கேஇவி வாயு, உறிஞ்சலோடு 0.2 கேஇவி வாயு, உறிஞ்சலோடு பவர் லா. 1.49இல் அலுமினியம், 1.74இல் சிலிக்கான் கோடுகள் கருவியின் சொந்தச் சரக்கு; அவற்றுக்குத் தனிக் காசியன் (மணி வடிவ வளைவு). ஒரே புலத்தில் 0.57 கேஇவி ஆக்ஸிஜன் கோடு நாளுக்கு நாள் மாறினால் பழி சூரியக் காற்றின் மேல்.

மறைத்தபின் 600 சதுர ஆர்க்நிமிடம் மிஞ்சினால் அது 0.000051 ஸ்டெரேடியன் (வானப் பரப்பை அளக்கும் அலகு). 1 கேஇவியில் முழுப் பின்னணி ஸ்டெரேடியனுக்கு 10–11 ஃபோட்டான் (ச.செ.மீ., விநாடி, கேஇவிக்கு), ஆக நார்ம் (1 கேஇவியில் பவர் லாவின் அளவு) 0.00053 அருகே வர வேண்டும். மாஸ்-1இல் 2005லும் 2012லும் ஒவ்வொரு சிசிடி போய்விட்டது. பரப்பை முழு வட்டமாக எடுக்காதீர்கள்.

இன்னொன்று: இந்தப் பின்னணியின் பெரும்பகுதியே தொலைதூரக் கருந்துளைகள்தான். எல்லாப் புள்ளியையும் மறைத்தால் அளக்க வந்த பொருளையே மறைக்கிறீர்கள். பிரகாசமானவற்றை மட்டும் மறையுங்கள், அல்லது மறைத்ததன் ஒளியைப் பிறகு கூட்டுங்கள்.

அஸ்ட்ரோசாட்டின் எஸ்எக்ஸ்டி என்ற எக்ஸ்கதிர்த் தொலைநோக்கிக்கு 40 ஆர்க்நிமிடப் புலம் உண்டு. ஆனால் அதன் சிசிடி மூலைகளில் அளவுத்திருத்தத்துக்கான இரும்பு-55 மின்னிக்கொண்டிருப்பதால் மேலே சொன்ன மூலை வித்தை அங்கே அப்படியே பலிக்காது. முதலில் மாஸில் 1.4ஐ எடுத்துவிட்டு அதற்குப் போங்கள்.