1444இல் ஹட்டன் கிடையாது, தம்பி

யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4 என்ற கணினி விளையாட்டின் வரைபடத்தில் இலங்கை மலைநாட்டை நான்கு மாகாணமாகப் பிரித்து கண்டி, ஹட்டன், நுவரெலியா, பதுளை என்று பெயர் வைத்தேன், ஏதோ இடிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இடிப்பது ஹட்டன்தான். அது தோட்டத் துரைமார் ஸ்கொட்லாந்திலிருந்து கொண்டுவந்த பெயர். விளையாட்டோ 1444இல் தொடங்கி 1821இல் முடிகிறது. தோட்டம் வராமல் ஹட்டன் எங்கே வரும்? நான் பிறந்த பக்கம் அது, எனக்கும் மனசில்லைதான்.

அந்தப் பகுதிக்கு உடபுலத்கம என்று போடுங்கள், கண்டி இராச்சியத்தின் நிர்வாகப் பிரிவு அது. நுவரெலியாவுக்குப் பதில் கொத்மலை அல்லது வலப்பனை. பதுளையை ஊவா ஆக்குங்கள், நகரத்தின் பெயராக மட்டும் பதுளை இருக்கட்டும். அதே மாதிரி கண்டிக்குத் தலைநகர்ப் பெயர் செங்கடகல.

அப்புறம், ஆள்பவர் மாறினால் பெயரும் மாற வேண்டும் என்றால் விளையாட்டின் 'காமன்' கோப்புறைக்குள் 'புரொவின்ஸ் நேம்ஸ்' என்று ஒன்று உண்டு. நாட்டின் குறியீட்டையோ பண்பாட்டின் பெயரையோ கோப்புக்கு வைத்து, மாகாண எண்ணுக்கு எதிரே பெயரை எழுதினால் போதும். தமிழ் அரசு ஒன்று பிடித்தால் 'கண்டிச்சீமை' என்று வரச் செய்யலாம். தோட்டத்துக்கு ஆள் வந்த காலத்துப் பேச்சு அது, காலம் கொஞ்சம் பிந்தியதுதான். ஆனால் எங்கள் பாட்டி வாயில் கேட்ட பெயர், நானாக இருந்தால் விடமாட்டேன்.