நெடுஞ்சாலையில் ஏறாத வெப்பம் நெரிசலில் மட்டும் ஏறுவது ஏன்?

செங்கல்பட்டிலிருந்து வரும்போது நடுவிலேயே நிற்கும் உங்கள் காரின் வெப்பமுள், பெருங்களத்தூர் நெரிசலில் சிறிது நேரம் ஊர்ந்ததும் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறுகிறது என்றும், தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடேறும்வரை, குளிர்விக்கும் திரவமான கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் மூடியிருக்கும் வால்வை) கழற்றிவிடலாம் என்று மெக்கானிக் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கழற்ற வேண்டாம். தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டிருந்தால் எஞ்சின் அதிகம் உழைக்கும் நெடுஞ்சாலையிலும் வெப்பம் ஏறியிருக்கும். அங்கே குளிர்ச்சியாக ஓடுகிறது என்பதே கூலண்ட் ரேடியேட்டருக்குப் போய்வருகிறது என்பதற்குச் சான்று. "நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு" என்று அதை எடுத்தெறியும் வழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அதன் பலன், எஞ்சின் சரியான வெப்பத்துக்கு வரத் தாமதமாகி, பெட்ரோல் கூடுதலாகச் செலவாவதுதான்.

வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. ஊரும்போது அந்தக் காற்று இல்லாததால் வேலை முழுவதும் ஃபேன் மீது விழுகிறது. ஏசி ஓடினால், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சர் வெளிவிடும் சூடும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே ரேடியேட்டர் வழியாகக் காற்று போகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஏசியை அணைத்து, வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஓடவிட்டுக் காத்திருங்கள். பெரும்பாலான கார்களில் கூலண்ட் 95 முதல் 100 டிகிரி செல்சியஸை எட்டும்போது ஃபேன் சுழலத் தொடங்கும். முள்ளை மட்டும் நம்ப வேண்டாம்; இன்றைய கார்கள் பலவற்றில் அது பரந்த வெப்ப எல்லை முழுவதும் நடுவிலேயே நிற்குமாறு அமைக்கப்பட்டிருப்பதால், ஓபிடி சாக்கெட்டில் (காரின் கணினித் தகவல்களைப் படிக்க உதவும் இணைப்பில்) செருகும் மலிவான ரீடர் ஒன்றின் மூலம் உண்மையான அளவைப் பார்ப்பது நல்லது. ஃபேன் சுழலவில்லை என்றால் ஏசியைப் போட்டுப் பாருங்கள். அப்போது சுழன்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது, வெப்ப சென்சாரையோ அதன் ஒயரிங்கையோ சந்தேகிக்கலாம். அப்போதும் சுழலாவிட்டால் ஃபியூஸ், ரிலே (ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்), மோட்டார் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். ஹாரனுக்கும் அதே வகை ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்ப்பது செலவில்லாத சோதனை. எஞ்சினை அணைத்த பிறகும் மின்சார ஃபேன் தானாகச் சுழலக்கூடும் என்பதால் கையை அருகே கொண்டுபோகாதீர்கள்.

ஃபேன் சுழல்கிறது என்பதாலேயே அதை விடுவித்துவிடவும் கூடாது. உள்ளே மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்த மோட்டார் சோம்பலாகச் சுழலும். மோட்டார் மாற்றும்போது ஒயர்கள் இடம் மாறினால் எதிர்த்திசையில் சுழன்று, வரும் காற்றையே தள்ளும். ஃபேன் ஓடும்போது முன்பக்க கிரில் மீது ஒரு தாளை வைத்துப் பாருங்கள். அது உள்ளிழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

என் பழைய பெட்ரோல் காரில் ஃபேன் நல்ல வேகத்தில் சரியான திசையில்தான் சுழன்றது, ஆனால் தாள் ஒட்டவில்லை. முன்னாலிருந்து பார்த்தால் தெரிவது கண்டன்சர் மட்டுமே. ஒவ்வொரு வாட்டர் வாஷிலும் நனைந்து அது பளபளவென்றிருந்தது. ரேடியேட்டரின் போல்ட்டுகளைத் தளர்த்திச் சற்றுப் பின்னால் சாய்த்தபோதுதான், இரண்டுக்கும் இடையிலான குறுகிய சந்தில் புழுதியும் பூச்சிச் சிறகுகளும் சருகும் சேர்ந்து கம்பளம்போல் படிந்திருந்தது தெரிந்தது. எஞ்சின் பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் பாய்ச்சிச் சுத்தம் செய்த பிறகு அந்தத் தொல்லை நீங்கியது (அழுத்தமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கி அடைத்துக்கொள்ளும்). சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஏசி மந்தமாகி, வண்டி நகர்ந்ததும் குளிர்ந்ததற்கும் இந்த அடைப்பே காரணம். உங்கள் காரிலும் அப்படி நடக்கிறதா என்று கவனியுங்கள்.

காற்றில் குறையில்லை என்றால் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் திறந்த நிலையில் ஏறக்குறைய 107 டிகிரியில் கொதிக்கும்; மூடி தாங்கும் 0.9 அல்லது 1.1 பார் அழுத்தம்தான் அதை 120-க்கு மேலே உயர்த்துகிறது. மூடியின் ரப்பர் காய்ந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். வாட்டர் பம்ப்பை அடுத்ததாகச் சோதிக்கலாம்: மின்சார ஃபேன் உள்ள காரை நிறுத்தி வைத்தே ஆக்ஸிலரேட்டரை மிதித்து எஞ்சினை நிமிடத்துக்கு 2000 சுற்றுக்குக் கொண்டுபோகும்போது வெப்பம் இறங்கினால், ஐட்லிங்கில் பம்ப் போதிய கூலண்டைத் தள்ளவில்லை, அல்லது கூலண்டே குறைவாக இருக்கிறது என்று கொள்ளலாம். போர்வெல் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டிகளில் பம்ப் துருப்பிடிப்பதும் ரேடியேட்டரின் உட்குழாய்களில் உப்புப் படிவதும் சகஜம். காலையில் ஸ்டார்ட் செய்த உடனேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் (ரப்பர் குழாய்) கல்லாக இறுகினாலோ, வெளியே கசிவில்லாமல் கூலண்ட் குறைந்துகொண்டே வந்தாலோ ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் இடையிலான அடைப்பை) சந்தேகிக்க வேண்டும். அதைத் தள்ளிப்போட முடியாது.

சரிசெய்யும்வரை நெரிசலில் முள் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு அளவில் வைத்து ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். ஹீட்டர் ஒரு சிறிய ரேடியேட்டராகவே வேலை செய்யும். அப்படியும் சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். ஹோஸ் கையால் தொட்டு அழுத்தக்கூடிய அளவுக்கு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.